இடம் கிடைக்காத எழுத்துகள்

ஓர் உரைக்கோப்பை ஒரு குறியேற்றத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது சில எழுத்துகள் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. மூலக் கோப்பில் அவை இருக்கின்றன. போய்ச் சேர வேண்டிய அட்டவணையில் அவற்றுக்கு எண் இல்லை. அவற்றை என்ன செய்வது என்று மாற்றும் நிரல் அப்போதே முடிவெடுத்தாக வேண்டும். வேலையை நிறுத்தலாம், எழுத்தை விட்டுவிடலாம், அதன் இடத்தில் வேறொன்றை வைக்கலாம். எந்த முடிவானாலும் அதன் விளைவு அந்தக் கோப்பு இருக்கும்வரை இருக்கும். இந்த முடிவு யாருக்கும் தெரியாமல் எடுக்கப்படும்போதுதான் பெரிய இழப்பு நேர்கிறது.

கணினிக்கு எழுத்து என்பது ஓர் எண். எந்த எண் எந்த எழுத்துக்கு என்று சொல்லும் அட்டவணையே குறியேற்றம். 1963இல் வெளியான ஆஸ்கி அட்டவணையில் 128 எண்கள்தான். ஆங்கிலத்தையும் வேறு சில மொழிகளையும் தவிர மற்றவை அதில் முழுமையாக அடங்கா. 1980களில் வந்த ஐஎஸ்ஓ 8859 வரிசை, ஒரு பைட்டின் 256 எண்களையும் எடுத்துக்கொண்டது. அதன் முதல் உறுப்பான லத்தீன்-1, பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் போன்ற மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு இடம் தந்தது. 1991இல் முதல் பதிப்பு கண்ட யூனிக்கோடு, உலகின் எல்லா எழுத்துகளையும் ஒரே அட்டவணையில் சேர்க்கக் கிளம்பியது. இன்று அதில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குறிகள் உள்ளன. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன: ‘அ’ 2949, ‘க’ 2965, புள்ளி 3021. இந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் முறைகளில் மிகப் பரவலானது யூடிஎஃப்-8. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வடிவமைத்த இந்த முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டுகள், 65535ஐத் தாண்டிய எண்களுக்கு நான்கு பைட்டுகள்.

பெரிய அட்டவணையிலிருந்து சிறியதற்குப் போகும்போது சில எழுத்துகளுக்கு இடம் கிடைக்காது என்பது எளிதில் விளங்கும். சிறியதிலிருந்து பெரியதற்குப் போகும்போதும் எழுத்துகள் தொலைகின்றன என்பதுதான் பலரும் எதிர்பாராதது.

வாசிக்கும்போதே நேரும் தவறு

மாற்றம் இரண்டு படிகளில் நடக்கிறது. முதலில் மூலக் கோப்பின் பைட்டுகள் எழுத்துகளாக வாசிக்கப்படுகின்றன. பிறகு அந்த எழுத்துகள் புதிய பைட்டுகளாக எழுதப்படுகின்றன. ‘மாற்ற முடியவில்லை’ என்ற செய்தி இரண்டில் எந்தப் படியிலும் வரலாம். எழுதும் படியில் வந்தால் எழுத்துக்கு இடமில்லை என்று பொருள். வாசிக்கும் படியில் வந்தால் பெரும்பாலும் மூலக் கோப்பின் குறியேற்றம் தவறாக ஊகிக்கப்பட்டிருக்கிறது. அப்போது எழுத்தில் குறையில்லை, வாசிப்பில்தான் குறை. அதைப் பார்க்காமல் அந்தப் பைட்டுகளை நீக்கச் சொல்பவர், நல்ல நிலையில் இருக்கும் உரையைத் தம் கையாலேயே அழிக்கிறார்.

யூடிஎஃப்-8 இங்கே பெரிய உதவி செய்கிறது. அதில் 127ஐத் தாண்டிய பைட்டுகள் கட்டுப்பாடான வரிசையில்தான் வரும்: ஒரு தொடக்கப் பைட், அதைத் தொடர்ந்து குறிப்பிட்ட எண்ணிக்கையில் தொடர்ச்சிப் பைட்டுகள். பழைய பிரெஞ்சுக் கோப்போ பழைய தமிழ் எழுத்துருக் கோப்போ தற்செயலாக இந்த வரிசையில் அமைவது மிக அரிது. எனவே ஓரளவு நீளமான ஒரு கோப்பு யூடிஎஃப்-8 விதிகளின்படி முழுவதும் தேறினால் அது யூடிஎஃப்-8தான் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். லத்தீன்-1 இதற்கு நேர்மாறானது. அதில் 256 எண்களுக்கும் ஏதாவது ஒரு பொருள் உண்டு. எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் பிழையே சொல்லாமல் வாசித்துவிடும். லத்தீன்-1 ஆக வாசித்தபோது பிழை வரவில்லை என்பது எதற்கும் சான்றாகாது.

மைக்ரோசாஃப்டின் விண்டோஸ்-1252 அட்டவணை இந்தக் குழப்பத்தை இன்னும் கூட்டியது. லத்தீன்-1இல் 128 முதல் 159 வரையான எண்கள் கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகளுக்கு உரியவை. விண்டோஸ்-1252 அந்த இடங்களில் வளைந்த மேற்கோள் குறிகளையும் நீண்ட கோடுகளையும் வைத்தது. வளைந்த இரட்டை மேற்கோள்கள் அங்கே 147, 148. யூனிக்கோட்டில் அவை 8220, 8221. விண்டோஸில் தயாரித்த கோப்பை லத்தீன்-1 என்று சொல்லி மாற்றினால் எந்தப் பிழையும் வராது. மேற்கோள் குறிகள் மட்டும் கட்டுப்பாட்டுக் குறிகளாகிக் கண்ணிலிருந்து மறையும். இந்தத் தவறான முத்திரையோடு எண்ணற்ற பக்கங்கள் வந்ததால், லத்தீன்-1 என்று எழுதியிருந்தாலும் விண்டோஸ்-1252 என்றே வாசிக்க வேண்டும் என்று உலாவிகளுக்கான தரமே இன்று விதிக்கிறது.

யூரோ குறியின் கதையும் இதே வகை. அந்த நாணயம் 1999இல் நடைமுறைக்கு வந்தது. லத்தீன்-1 அதற்கு முன்பே நிலைபெற்றுவிட்டதால் அதில் யூரோவுக்கு இடமில்லை. விண்டோஸ்-1252 அதை 128இல் சேர்த்தது. ஐஎஸ்ஓ 8859-15 என்ற திருத்தப்பட்ட அட்டவணை, பொதுவான நாணயக் குறி இருந்த 164ஐ யூரோவுக்குக் கொடுத்தது. ஒரே நாணயத்துக்கு இப்படி இரண்டு எண்கள் அமைந்ததால், விலைப்பட்டியல்கள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போனபோது தொகை அப்படியே இருந்தது, நாணயம் மாறிப்போனது.

கேள்விக்குறி செய்யும் கேடு

எழுதும் படியில் இடம் கிடைக்காத எழுத்துக்குப் பல நிரல்கள் கேள்விக்குறியை வைக்கின்றன. இருக்கும் வழிகளில் இதுதான் மிக மோசமானது. கேள்விக்குறி ஆஸ்கியில் 63ஆம் எண் கொண்ட உண்மையான எழுத்து. உரையில் இயல்பாகவே வரும். மாற்றம் முடிந்த பிறகு எது ஆசிரியர் கேட்ட கேள்வி, எது இறந்துபோன எழுத்தின் இடம் என்று பிரித்தறிய வழியில்லை. இருபது வெவ்வேறு எழுத்துகள் ஒரே குறியாகச் சுருங்குவதால், திரும்பப் பெறுவதற்கான தடயமும் மிஞ்சாது.

யூனிக்கோடு இதற்கென்றே தனி எண் ஒன்றை ஒதுக்கியிருக்கிறது: 65533. கறுப்புச் சாய்சதுரத்துக்குள் வெள்ளைக் கேள்விக்குறியாகத் திரையில் தெரிவது அதுதான். எந்த மொழியின் எழுத்தும் அல்ல என்பதால் அதைத் தேடலாம், எண்ணலாம். சேதம் எங்கே என்றாவது தெரியும். ஆனால் இழந்தது என்ன என்பதை அதுவும் சொல்லாது. அது மறுபடி தவறாக வாசிக்கப்பட்டால் சேதத்தின் மேல் சேதம் ஏறும். யூடிஎஃப்-8இல் அதன் பைட்டுகள் 239, 191, 189. இரண்டு 65533கள் அடுத்தடுத்து வந்து, அந்த ஆறு பைட்டுகளும் சீனத்தின் ஜிபிகே அட்டவணைப்படி வாசிக்கப்பட்டால் ‘குன் ஜின் காவ்’ என்று ஒலிக்கும் பொருளற்ற மூன்று சீன எழுத்துகள் கிடைக்கும். சீனக் கணினிப் பயனர்களிடையே பெயர் பெற்ற தொடர் அது. ஒரு கோப்பில் அதைக் கண்டால், அங்கே எழுத்துகள் ஒருமுறை தொலைந்து, பிறகு மறுபடி தவறாக வாசிக்கப்பட்டிருக்கின்றன என்று அறியலாம்.

எழுத்தைச் சுவடின்றி நீக்குவது கேள்விக்குறியைவிடத் தூய்மையாகத் தோன்றும். ஆனால் அதில் இழப்பு மட்டுமல்ல, பாதுகாப்பு அபாயமும் இருக்கிறது. தீங்கான கட்டளைச் சொல் ஒன்றின் நடுவே செல்லாத பைட் ஒன்றைச் செருகி அனுப்பினால், வாயிலில் நிற்கும் வடிகட்டி அதை அடையாளம் காணாமல் விட்டுவிடும். உள்ளே இன்னொரு நிரல் அந்தப் பைட்டை நீக்கியதும் சொல்லின் இரு பாதிகளும் ஒட்டிக்கொண்டு கட்டளை உயிர் பெறும். இதனால்தான் செல்லாத பைட்டுகளை நீக்காமல் அவற்றின் இடத்தில் 65533ஐ வைக்கும்படி யூனிக்கோடு கூட்டமைப்பு அறிவுறுத்துகிறது.

தரவுத்தளங்களில் நடந்த இன்னொரு நீக்கம் இதைவிடக் கடுமையானது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ‘யூடிஎஃப்8’ என்ற பெயரில் இருந்த குறியேற்றம் ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுகளை மட்டுமே ஏற்றது. இமோஜிகளுக்கு நான்கு பைட்டுகள் வேண்டும். கண்டிப்பு முறை இயக்கப்படாத தரவுத்தளத்தில் ஒருவர் நீண்ட கடிதத்தின் நடுவே ஒரு சிரிப்பு முகத்தை வைத்தால் அந்த முகம் மட்டும் போகாது. அங்கிருந்து கடிதத்தின் மீதி முழுவதும் வெட்டுப்படும். நான்கு பைட்டுகளை ஏற்கும் ‘யூடிஎஃப்8எம்பி4’ 2010இல்தான் சேர்ந்தது.

ஏறத்தாழ ஒத்த எழுத்து

இடமில்லாத எழுத்துக்குப் பதில் அதைப் போன்ற வேறொன்றை வைப்பது பல நேரங்களில் நல்ல வழி. வளைந்த மேற்கோளுக்கு நேர் மேற்கோள், நீண்ட கோட்டுக்குச் சிறு கோடு, பிரெஞ்சு எழுத்தின் தலைக்குறியை நீக்கிய வெற்று எழுத்து என்று வைத்தால் வாசிப்பவருக்கு உரை புரியும். யூனிக்ஸ் குடும்பக் கணினிகளில் குறியேற்றம் மாற்றப் பயன்படும் ‘ஐகான்வ்’ நிரலில் ‘டிரான்ஸ்லிட்’ என்ற தேர்வு இதைச் செய்கிறது. யூரோ குறியை மூன்று ஆங்கில எழுத்துகளாக விரித்துத் தருகிறது.

ஆனால் எது எதற்கு ஒத்தது என்பது மொழியைப் பொறுத்தது. ஜெர்மன் எழுத்தின் மேலுள்ள இரு புள்ளிகளை நீக்கும்போது பக்கத்தில் ஓர் ‘ஈ’ எழுத்தைச் சேர்ப்பது ஜெர்மானியர் வழக்கம். புள்ளிகளை வெறுமனே நீக்கினால் ‘அழகிய’ என்று பொருள்படும் சொல் ‘ஏற்கெனவே’ என்று ஆகிவிடும். தமிழ் நூல்களின் பெயர்களை ரோமன் எழுத்தில் பட்டியலிடும் நூலகங்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஐஎஸ்ஓ 15919 என்ற ஒலிபெயர்ப்பு முறையில் லகரம் வெறும் எழுத்தாகவும், ளகரம் அடியில் புள்ளியோடும், ழகரம் அடியில் கோட்டோடும் எழுதப்படும். அந்தப் பட்டியலை ஆஸ்கிக்கு மாற்றி அடிக்குறிகளை நீக்கினால் வால், வாள், வாழ் மூன்றும் ஒரே சொல்லாகும். நெடிலைக் காட்டும் மேல்கோடும் போய்விடுவதால் ‘வல்’ என்பதும் அதே கூட்டத்தில் சேரும். தேடுவதற்கு உதவும் கூடுதல் பட்டியலாக இதை வைத்துக்கொள்ளலாம். மூலப் பட்டியலின் இடத்தில் இதை வைப்பது தவறு.

விண்டோஸ் ஏறத்தாழ ஒத்த எழுத்துகளுக்கு ஒரு நீண்ட அட்டவணையே வைத்திருக்கிறது. அதன்படி விண்டோஸ்-1252க்குப் போகும்போது கணிதத்தின் முடிவிலிக் குறி 8 என்ற இலக்கமாகிறது. படுத்திருக்கும் எட்டு எழுந்து நிற்பதுபோல் வடிவம் பொருந்துகிறது. மதிப்போ எல்லையின்மையிலிருந்து எட்டுக்கு வந்துவிடுகிறது. அறிவியல் கட்டுரை ஒன்றில் இது நடந்தால் கேள்விக்குறியே மேல். கேள்விக்குறியையாவது யாரேனும் சந்தேகிப்பார்கள்.

2024 ஜூனில் வெளிப்பட்ட சிவிஇ-2024-4577 என்ற பாதுகாப்புக் குறை இந்த அட்டவணையிலிருந்துதான் பிறந்தது. இணையத் தளங்களை இயக்கும் பிஎச்பி மொழியின் சிஜிஐ வடிவத்தில், முகவரியோடு வரும் உரை சிறுகோட்டில் தொடங்கினால் அது கட்டளையாக எடுத்துக்கொள்ளப்படும் ஓட்டை 2012இல் கண்டறியப்பட்டு அடைக்கப்பட்டிருந்தது. அடைத்தவர்கள் 45 என்ற எண்ணுள்ள சிறுகோட்டைத் தடுத்தார்கள். 173 என்ற எண்ணில் ‘மென்கோடு’ என்று ஒரு குறி உண்டு. வரி முடிவில் சொல்லைப் பிரிக்க வேண்டியபோது மட்டும் தெரிவது அது. சீனம், ஜப்பானியம் போன்ற மொழிகளுக்கு அமைத்த விண்டோஸ் கணினிகளில், உள்மாற்றத்தின்போது அந்த மென்கோட்டை அட்டவணை சாதாரணச் சிறுகோடாக்கியது. தடுப்பைத் தாண்டிய பிறகு பைட் உருமாறியதால், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மூடிய கதவு மறுபடி திறந்தது. தைவானின் டெவ்கோர் நிறுவன ஆய்வாளர் ஆரஞ்ச் சாய் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்.

இழப்பை முன்கூட்டியே எதிர்பார்த்து அமைந்த குறியேற்றமும் ஒன்று உண்டு. ரஷ்ய எழுத்துகளுக்கான கோய்-8, பெரும்பாலான ரஷ்ய எழுத்துகளை ஒலியில் ஒத்த ஆங்கில எழுத்துகளுக்குச் சரியாக 128 எண்கள் தள்ளி வைத்தது. ஏழு பிட்டுகளை மட்டுமே கடத்தும் பழைய தொடர்பு வழிகளில் எட்டாவது பிட் உதிர்ந்தாலும், பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இடம் மாறிய ஆங்கில ஒலிபெயர்ப்பாக உரை நின்றது, படிக்க முடிந்தது. அகரவரிசையை விட்டுக்கொடுத்து இந்தப் பாதுகாப்பைப் பெற்றார்கள். குறியேற்ற வரலாற்றில் இத்தனை தொலைநோக்கான வடிவமைப்புகள் மிகச் சில.

இடமில்லாதது ஒரு பெயரானால்

1980இல் சீனா வெளியிட்ட ஜிபி 2312 அட்டவணையில் 6,763 சீன எழுத்துகள் இருந்தன. அன்றாட எழுத்துக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் 1998இல் சீனப் பிரதமரான ஜூ ரோங்ஜியின் பெயரில் நடுவிலுள்ள ‘ரோங்’ அதில் இல்லை. நாட்டின் பிரதமருடைய பெயரையே எழுத முடியாமல், சிலர் அதே ஒலியுள்ள வேறு எழுத்தை வைத்தார்கள். சிலர் அந்த எழுத்தின் இரு பாகங்களையும் தனித்தனியே அடைப்புக்குறிக்குள் எழுதினார்கள். பிரதமர் பெயரானதால் இது உலகுக்குத் தெரிந்தது. அரிய எழுத்தில் பெயர் வைத்துக்கொண்ட சாதாரண மக்களோ, வங்கியிலும் மருத்துவமனையிலும் வேறு யாரோ ஒருவராகப் பதிவானார்கள். ஓர் எழுத்து போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. 2000இல் வந்த ஜிபி 18030, யூனிக்கோட்டின் எல்லா எண்களுக்கும் இடம் தந்து இந்தக் குறையைத் தீர்த்தது.

தமிழின் பழைய கோப்புகள்

தமிழில் இந்தச் சிக்கல் வேறு முகம் காட்டுகிறது. யூனிக்கோடு பரவுவதற்கு முன் தமிழுக்குப் பல எட்டுப் பிட் குறியேற்றங்கள் இருந்தன. இணையத்தில் தமிழர்கள் கூடி உருவாக்கிய திஸ்கி, 1999இல் தமிழக அரசு அறிவித்த டாம், டாப், இவற்றோடு ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தனக்கென வைத்துக்கொண்ட அட்டவணைகள். இவை எழுத்தை அல்ல, எழுத்தின் வடிவத்தைச் சேமித்தன. ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று எண்களாகப் பதிவானது. யூனிக்கோட்டில் ககரம் முதலிலும் ஒகரக் குறி பின்னும் வரும். மாற்றும் நிரல் எண்ணுக்கு எண் வைத்தால் போதாது. வரிசையையும் திருப்ப வேண்டும். லினக்ஸ் கணினிகளின் ஐகான்வ் நிரலுக்குத் திஸ்கி தெரியும். தனியார் எழுத்துருக்களின் அட்டவணைகள் தெரியாது.

வடிவத்தைச் சேமித்ததன் தழும்பு இன்றும் காணக் கிடைக்கிறது. ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் ஒரே வடிவம். ஆகவே பலர் ‘மௌனம்’ என்பதை மகரத்தின் முன் கொம்பும் பின் ளகரமுமாகத் தட்டினார்கள். மாற்றும் நிரல் அதை ஏற்று எகரக் கொம்பும் ளகரமும் கொண்ட ‘மெளனம்’ ஆக்கியது. அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தேடும்போது ஒன்று கிடைத்தால் மற்றது கிடைக்காது.

பாமினி போன்ற எழுத்துருக்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. அங்கே ஆங்கில எழுத்துகளின் எண்களிலேயே தமிழ் வடிவங்கள் அமர்ந்திருக்கின்றன. ‘அம்மா’ என்று தட்டினால் கோப்பில் இருப்பது நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எது தமிழ், எது ஆங்கிலம் என்பதைச் சொல்வது எழுத்துருப் பெயர் மட்டுமே. அந்தக் கோப்பை வெற்று உரையாகச் சேமித்தால் எழுத்துருப் பெயர் போய்விடும். நடுவே வந்த ஆங்கிலச் சொற்கள் மாற்றத்தின்போது தமிழ்க் கிறுக்கலாகும். எனவே இத்தகைய கோப்புகளை மாற்றும்போது சொல்செயலிக் கோப்பிலிருந்தே எழுத்துருத் தகவலோடு எடுக்க வேண்டும். வெற்று உரையிலிருந்து தொடங்கக் கூடாது.

எதிர்த்திசைப் பயணமும் நின்றுவிடவில்லை. பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளை வைத்திருக்கும் அச்சகங்கள், யூனிக்கோட்டில் வரும் கைப்பிரதியைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் கோக்கின்றன. 2010இல் பிறந்த ரூபாய்க் குறிக்கு (₹) அதற்கு முந்தைய எழுத்துருக்களில் இடமில்லை, ‘ரூ.’ என்று விரிப்பது இயல்பான மாற்று. ‘ஸ்ரீ’ இன்னும் நுட்பமானது. அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம். 2005இல் யூனிக்கோட்டில் சேர்ந்த ‘ஶ’ என்ற எழுத்தில் தொடங்கியும் எழுதலாம். திரையில் இரண்டும் பெரும்பாலும் ஒரே வடிவம். 2005க்கு முன் எழுதிய மாற்று அட்டவணை முதலாவதை மட்டுமே அறியும். இரண்டாவதைக் கண்டால் விழிக்கும்.

யூனிக்கோட்டிலேயே நெடுங்காலம் இடமில்லாதிருந்த தமிழ்க் குறிகளும் உண்டு. மா, காணி, முந்திரி போன்ற பின்னங்களுக்கும் பழைய கணக்கேடுகளில் வரும் அளவைக் குறிகளுக்கும் 2019இல் வந்த 12.0 பதிப்பில்தான் 51 இடங்கள் கிடைத்தன. அதுவரை அவற்றைப் படமாக ஒட்டினார்கள் அல்லது சொல்லாக விரித்து எழுதினார்கள். அவற்றின் எண்கள் 73664இல் தொடங்குவதால் ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட்டுகள் வேண்டும். மூன்று பைட்டுகளை மட்டும் ஏற்கும் பழைய தரவுத்தளத்தில் ஒரு கல்வெட்டுப் பாடத்தை இட்டால், இமோஜிக்கு நேர்ந்த கதி முந்திரிக்கும் நேரும்.

இடமில்லாதவற்றைத் தற்காலிகமாக வைக்க யூனிக்கோட்டில் 57344 முதல் 63743 வரை 6,400 எண்கள் தனிப்பயன் பகுதியாக விடப்பட்டுள்ளன. யூனிக்கோட்டோடு சேர்த்துத் தமிழக அரசு 2010இல் தரமாக அறிவித்த டேஸ்-16 இந்தப் பகுதியில்தான் தமிழின் உயிர்மெய்களுக்குத் தனித்தனி எண் தருகிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தனிப்பயன் எண்கள் செல்லுபடியானவை என்பதால் அவற்றை எந்த நிரலும் பிழை என்று சொல்லாது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெற்றுக் கட்டங்களாக நிற்கும். என்ன எழுத்து என்று சொல்லும் அட்டவணையை யாராவது காத்து வைத்திருந்தால்தான் மீட்சி.

கண்ணுக்குத் தெரியாத தடைகள்

மாற்றம் முதல் எழுத்திலேயே நின்றுவிடுகிறது. கோப்பைத் திறந்தால் அங்கே எந்தத் தவறும் தெரியவில்லை. இப்படி நடந்தால் காரணம் பெரும்பாலும் 65279. யூடிஎஃப்-8 கோப்புகளின் தலையில் சில நிரல்கள் வைக்கும் அடையாளக் குறி இது. உருவமற்றது, லத்தீன்-1இலோ திஸ்கியிலோ இதற்கு இடமில்லை. இதை மட்டும் தயங்காமல் நீக்கலாம். உலாவியிலிருந்து நகலெடுத்த உரையில் வரும் 160 என்ற பிரியா இடைவெளியைச் சாதாரண இடைவெளியாக்கலாம். எழுத்துகளைச் சேர்க்கவும் பிரிக்கவும் வரும் 8204, 8205 ஆகியவற்றை அப்படி நீக்குமுன் அவை எந்த மொழிச் சொல்லில் நிற்கின்றன என்று பார்ப்பது அவசியம். பாரசீகத்திலும் மலையாளத்திலும் அவை எழுத்தின் ஒரு பகுதி.

இடமிருந்தும் இடமில்லை என்று தோன்றுவதும் உண்டு. பிரெஞ்சு எழுத்தை அடிப்படை எழுத்து, தலைக்குறி என்று இரண்டு எண்களாகவும் எழுதலாம். இரண்டும் இணைந்த ஒரே எண்ணாகவும் எழுதலாம். லத்தீன்-1க்கு இணைந்த வடிவம்தான் தெரியும். யூனிக்கோடு வகுத்த இயல்பாக்கத்தைச் செய்து, பிரிந்தவற்றை முதலில் சேர்த்துவிட்டால் மாற்ற முடியாதவை என்று வந்த எழுத்துகளில் பல காணாமல் போகும். தமிழிலும் ஒகரக் குறியை ஒரே எண்ணாகவோ கொம்பும் காலுமாக இரண்டு எண்களாகவோ எழுதலாம். இயல்பாக்கம் இரண்டையும் ஒன்றாக்கும்.

மாற்றும் முறை

மேலே சொன்னவற்றிலிருந்து ஒரு வேலைமுறை தானாக உருவாகிறது. மூலக் கோப்பை ஒரு பைட்டும் மாறாமல் தனியே வைத்துவிட வேண்டும். இது செலவு குறைந்தது, ஈடு இணையற்றது. பிறகு மூலக் குறியேற்றத்தை ஊகத்தால் அல்லாமல் சோதித்து உறுதி செய்ய வேண்டும். முதல் ஓட்டத்தில் நிரல் பிழை கண்டதும் நிற்கும்படி வைப்பதே நல்லது. எதுவும் எழுதாமல், கோப்பில் வரும் ஒவ்வொரு வகை எழுத்தையும் அது எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கையோடு பட்டியலிட்டால், இலக்கு அட்டவணையில் இல்லாதவை எவை என்று தெரிந்துவிடும். பல லட்சம் சொற்கள் கொண்ட உரையிலும் இந்தப் பட்டியல் சிறியதாகவே இருக்கும்; பெரும்பகுதி மேற்கோள் குறிகளும் கோடுகளும் இடைவெளிகளும்தான்.

பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் மனிதர் ஒருவர் முடிவு சொல்ல வேண்டும். நிறுத்தக்குறிகளுக்கு ஒத்த வடிவம் போதும். பெயர்களிலும் மேற்கோள் பாடல்களிலும் கணிதத்திலும் வருபவற்றுக்குத் திரும்பப் பெறக்கூடிய குறிப்பு வடிவம் வேண்டும். இணையப் பக்கங்களில் ‘அ’ என்று எழுதினால் அது ‘அ’ என்றே காட்டப்படும்; எழுத்தின் யூனிக்கோடு எண்ணையே ஆஸ்கிக்குள் எழுதிவைக்கும் இந்த முறையில் எதுவும் தொலைவதில்லை. பைத்தான் மொழி இதையும், நிறுத்துதல், நீக்குதல், பதிலிடுதல் ஆகியவற்றையும் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கும் வழிகளாகத் தருகிறது. வாசிக்க முடியாத பைட்டுகளைப் பத்திரமாகச் சுமந்து, எழுதும்போது அப்படியே திருப்பித் தரும் வழியும் அதில் 2009 முதல் உண்டு: 128 முதல் 255 வரையான பைட்டுகளை எந்த எழுத்துக்கும் உரியதல்லாத 56448 முதல் 56575 வரையான எண்களில் அது ஒளித்து வைக்கிறது. கோப்பின் பெயர்களைக் கையாளும் நிரல்களுக்கு இது பெரும் துணை.

மாற்றிய கோப்பை மறுபடி பழைய குறியேற்றத்துக்கே திருப்பி, தனியே வைத்த மூலத்தோடு பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டால் எஞ்சிய வேறுபாடுகள் தெரியும். முடிவெடுத்துச் செய்த மாற்றங்கள் மட்டுமே அதில் இருக்க வேண்டும். எந்த எழுத்து எதுவாக மாறியது, எத்தனை இடங்களில் என்பதைக் கோப்போடு ஒரு தனிக் குறிப்பாக வைத்தால் பத்தாண்டு கழித்து அதைத் திறப்பவர் குழம்ப மாட்டார்.

ஏற்கெனவே சிதைந்த தமிழ்

யூடிஎஃப்-8இல் இருந்த தமிழ் விண்டோஸ்-1252 ஆக வாசிக்கப்பட்டால் திரை முழுவதும் ஒரே மாதிரியான குறிகள் நிரம்பும். தமிழ்க் குறி ஒவ்வொன்றின் முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175. 224 தலையில் கோடிட்ட பிரெஞ்சு எழுத்து. 174 வட்டத்துக்குள் அடைத்த வணிக முத்திரைக் குறி. இவை மீண்டும் மீண்டும் வந்தால் உள்ளே இருப்பது தமிழ்தான். பைட்டுகள் கலையாமல் இருந்தால் திசையைத் திருப்பி வாசித்து முழு உரையையும் மீட்கலாம்.

சிக்கல் மூன்றாவது பைட்டில் இருக்கிறது. விண்டோஸ்-1252இல் 129, 141, 143, 144, 157 என்ற ஐந்து எண்களுக்கு எந்த எழுத்தும் ஒதுக்கப்படவில்லை. புள்ளியின் பைட்டுகள் 224, 175, 141. உகரக் குறியின் பைட்டுகள் 224, 175, 129. ‘ஏ’ 143இலும் ‘ஐ’ 144இலும் முடிகின்றன. தமிழ் உரையில் மிக அதிகமாக வரும் இரண்டு குறிகள் அந்த அட்டவணையின் ஓட்டைகளில் போய் விழுகின்றன. சில நிரல்கள் அந்த எண்களைக் கட்டுப்பாட்டுக் குறிகளாகக் கருதிக் காப்பாற்றும். கண்டிப்பான நிரல்கள் அவற்றைக் கேள்விக்குறியாக்கும் அல்லது நீக்கும். ‘தமிழ்’ என்ற சொல்லின் 15 பைட்டுகளில் கடைசி ஒன்று போய்விட, பதினான்கு மட்டும் மிஞ்சும்.

அப்போதும் எல்லாம் முடிந்துவிடவில்லை. 224, 174 மட்டும் தனித்து நின்றால் அது ஏகாரம் அல்லது ஐகாரம்; அந்த ஓட்டைகளில் வேறு தமிழ் எழுத்து இல்லை. 224, 175 தனித்து நின்றால், அரிய ஓம் குறியை ஒதுக்கிவிட்டால், அது புள்ளி அல்லது உகரம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால் போதும் என்பதால் ஒரு சொற்பட்டியலும் மெய்ம்மயக்க விதிகளும் பெரும்பாலான சொற்களைச் சரிசெய்துவிடும். ‘பட்டு’ என்பதில் இரண்டு இடங்கள் அழிந்தாலும், கிடைக்கும் நான்கு சேர்க்கைகளில் ஒன்றுதான் சொல்லாகும். பேச்சுவழக்கில் எழுதிய கதைகளில்தான் இந்த வழி தடுக்கும். ‘அவர்’, ‘அவரு’, ‘கால்’, ‘காலு’ என்று இரண்டுமே சொற்கள்; எந்தப் பாத்திரம் எப்படிப் பேசியது என்பது எழுதியவர் முடிவு. அத்தகைய இடங்களில் மீட்பவர் ஒன்றைத் தேர்ந்து சேர்த்துவிடாமல், இரண்டு வடிவங்களையும் காட்டும் குறியோடு விட்டு, அச்சுப் பிரதியோ கையெழுத்துப் பிரதியோ கிடைக்கும்போது ஒப்பிட்டு நிரப்ப வேண்டும்.